பொட்டு வைத்த பாய்லர்

நான் படம் எடுக்கிறவள். ஆட்களை அல்ல, மெசின்களை. இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் ஒரு முகம் வைத்துக்கொள்வார்கள், பாவம் வேறு பிழைப்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று. கிடைக்காமல் என்ன? இருபது வருஷம் கல்யாணப் படம் எடுத்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவை விட்டுவிட்டாய் என்று தாலி கட்டுகிற நேரத்தில் சண்டைக்கு வருவார்கள். மெசினுக்குச் சித்தப்பா கிடையாது என்று நம்பித்தான் இந்த அரசு வேலைக்கு வந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பொருட்காட்சி ஒன்றில் ராட்டினம் கழன்று விழுந்து ஒன்பது பேர் செத்த பிறகு ஒரு சட்டம் வந்தது. ஆளைத் தூக்குகிற மெசின், ஆளைக் கொல்லக்கூடிய மெசின் எதுவானாலும் மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்தாக வேண்டும். அந்தப் படத்தை இயந்திர நல வாரியத்தின் செயலி பார்க்கும். பார்த்துவிட்டு, இது இன்னும் எத்தனை நாள் பழுதில்லாமல் ஓடும் என்று ஓர் எண்ணைச் சொல்லும். பத்துக்குக் கீழே போனால் அந்த நிமிஷமே சீல் உத்தரவு. முன்பெல்லாம் சுத்தியலால் தட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். இனிமேல் எதற்கு என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கேமராவுக்கு ஊரில் ஜோசியப் பெட்டி என்று பெயர். யசோதா என்ற என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. எங்கே போனாலும் ஜோசியக்காரம்மாதான்.

எங்கெல்லாம் மெசின் ஒளிந்திருக்கிறது என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிணவறைச் சுவருக்குப் பின்னால் கம்ப்ரசரைப் படம் எடுத்திருக்கிறேன். தொண்ணூறு அடிக் கிணற்றில் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து இறக்கினார்கள், அங்கே ஒரு மோட்டார். தேருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஹைட்ராலிக் பிரேக்கை எடுத்தபோது எறும்பு கடித்த தடிப்பு மூன்று நாள் இருந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். எங்கே போனாலும், "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு மெசினைக் குளிப்பாட்டி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்துவார்கள். இருக்கிறபடி எடுக்க வேண்டுமப்பா, இது பெண் பார்க்கிற சடங்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். மெசினை நானே தொடலாமா என்றால் அதுவும் கூடாது. படம் எடுக்கிறவர் மெசின்மேல் கைவைத்தால் வேலை போய்விடும் என்று விதி.

பல்லடம் பக்கத்தில் சென்னியப்பன் என்பவரின் சைசிங் மில். நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற இடம். காயவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு ஒரு விறகு பாய்லர். அதைப் பார்த்துக்கொள்கிறவர் மாரப்பன். ஐம்பத்தெட்டு வயது, அதில் இருபத்தாறு வருஷம் அந்த பாய்லரின் முன்னால். பாய்லருக்கும் பாவு நூல் ஓட்டுகிற கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

மூன்றாவது மாதம் போனபோது மாரப்பன் என்னைத் தனியாக அழைத்துப் போனார். பாய்லரின் முன் தகடு பளபளவென்று இருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"அம்மிணி, இது செரியில்லீங். ஒரு மாசமா வவுத்துக்குள்ளார ஒரு சத்தங் கேக்குது. பின்னாடி ட்யூப்பு இத்துப்போச்சுன்னு நெனைக்கறேன். வெடிச்சுதுன்னா செவுரு நிக்காதுங்."

படம் எடுத்தேன். செயலி முந்நூற்றுப் பதினொரு நாள் என்றது. சென்னியப்பனிடம் போய்ச் சொன்னோம். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. எங்களுக்கு மோர் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார், பிறகு சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். முந்நூறு நாளுக்குமேல் ஓடும் என்று அரசாங்கமே சொல்கிறது, மாரப்பனுக்கு வயதாகிவிட்டது, காதில் என்னென்னவோ கேட்கும் என்றார். மாரப்பன் ஒரு தடவை தானாகவே பாய்லரை நிறுத்திப் பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் வேறொரு ஆளை வைத்து ஓட்டிவிட்டார்கள். அதனால் திரும்பி வந்து, யாருக்கும் தெரியாமல் நீராவியைத் திறந்துவிட்டுப் பாதி அழுத்தத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். நூல் சரியாகக் காயவில்லை என்று முதலாளிக்கு எரிச்சல். புதன்கிழமையிலிருந்து புது ஆள் வருகிறான், மாரப்பன் அவனுக்கு விறகு தள்ளினால் போதும் என்று சொல்லிவிட்டார். புது ஆள் வந்தால் முழு அழுத்தம் ஏற்றுவான். ஏற்றினால் என்ன ஆகும் என்று மாரப்பனுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்துவிட்டது. முந்நூற்றுப் பதினொன்று என்று சொன்ன பெட்டிக்கு மட்டும் தெரியவில்லை.

அந்த வாரம் மூன்று தடவை போனேன். பின்னாலிருந்து எடுத்தேன், பக்கவாட்டில் எடுத்தேன், துருப்பிடித்த போல்ட்டை நெருக்கமாக எடுத்தேன். பின்பக்கப் படமும் நெருக்கப் படமும் கணக்கில் சேராது, முன் தகடு முழுதாகத் தெரிய வேண்டும் என்று பெட்டி என்னைத் திட்டியது. முன்னால் வந்து எடுத்தால் மறுபடியும் முந்நூற்றுப் பதினொன்று. கேமராவைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்றிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒன்று எடுக்கலாம் என்று நின்றபோது மாரப்பன் விறகு தள்ளக் குனிந்தார். அவருடைய தலைப்பாகை தகட்டின் நடுவை மறைத்தது. திரையில் ஆறு என்று வந்தது. அவர் நிமிர்ந்தார், முந்நூற்றுப் பதினொன்று.

"அண்ணா, இன்னொருக்காக் குனிங்க."

குனிந்தார், ஆறு. நிமிர்ந்தார், முந்நூற்றுப் பதினொன்று. பத்துத் தடவை குனிந்து நிமிர வைத்தேன். வெயிலில் அலைந்து எனக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். பிறகு நான் என் கட்டைவிரலை லென்சுக்கு முன்னால் பிடித்து, அந்தப் பொட்டு மட்டும் தெரியாதபடி மறைத்தேன். ஆறு. விரலை எடுத்தேன். உங்களுக்கே தெரியும்.

வாரியத்தின் கோவை அலுவலகத்தில் செயலியைப் பார்த்துக்கொள்கிற பெண் ஃபர்சானா. அவளை அழைத்துச் சொன்னேன். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். பிறகு, செயலிக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் இரண்டு லட்சம் படங்கள் வேண்டியிருந்தது, இருக்கிற படங்களைக் கொடுங்கள் என்று பட்டறைக்காரர்களிடமே கேட்டோம் என்றாள்.

"நம்மூர்ல மெசினை எப்பக்கா போட்டோ எடுப்பாங்க? ஆயுத பூசை அன்னிக்கு. அதுக்கு முந்தின நாள்தான கழட்டித் துடைச்சு எண்ணெய் போடுவாங்க. அந்த மெசினெல்லாம் நல்லா ஓடுச்சு. ஒடைஞ்சு போன மெசினை ஒடைஞ்சப்பறம் எடுத்தாங்க, அதுல பொட்டு இல்லை. அது பொட்டைத்தான் படிச்சிருக்கு."

"படிச்ச ஆளுக அத்தனை பேர் இருக்கீங்க. ஒருத்தர் கண்ணுலயுமா படல?"

"படத்தைச் சரிபார்த்தவங்க வேற ஊர்ல உக்காந்து பாத்தாங்கக்கா. அவங்களுக்கு அது பெயின்ட் கறை."

எனக்கு வந்த கோபத்துக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு மெசினைப் பற்றிப் புகார் எழுதினால் விசாரிக்க நான்கு மாதம் ஆகும் என்றாள். விரலாலோ தலையாலோ மறைத்தால் திரையில் எண் வரும், கணக்கில் சேராது; புதன்கிழமைக்குள் வேண்டுமென்றால் ஒரே வழி, முழுத் தகடும் தெரிகிறபடி, பொட்டு இல்லாமல் ஒரு படம். பெட்டி தானே சீல் உத்தரவு போட்டுவிடும். தொட எனக்கு உரிமையில்லை, மாரப்பன்தான் அழிக்க வேண்டும். இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன் பாருங்கள்.

மாட்டேன் என்றுவிட்டார்.

இருபத்தாறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்த பொட்டு, அது பாய்லர் இல்லை, ஆத்தா, சுமங்கலியின் நெற்றியை அழி என்று சொல்கிறீர்களே, நாக்கு கூசவில்லையா என்று கேட்டார். விளக்கினேன். அந்தப் பொட்டுதான் பெட்டியின் கண்ணைக் கட்டுகிறது, நீங்கள் வைத்த பொட்டாலேயே நீங்கள் சாகப் போகிறீர்கள் என்றேன். எல்லாம் புரிந்தது அவருக்கு. புரிந்தும் மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? எனக்குப் பொறுமை போய்விட்டது. என் வீட்டுக்காரர் இறந்த பத்தாம் நாள் என் நெற்றியிலும்தான் அழித்தார்கள், பதினோராம் நாள் நானே எடுத்து வைத்துக்கொண்டேன், பாருங்கள் இன்றைக்கும் இருக்கிறது, என்ன குறைந்துபோனேன் என்று கத்தினேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார்.

"உங்க நெத்தியில அழிச்சவீகளை நீங்க மன்னிச்சுட்டீங்களா அம்மிணி?"

இல்லை என்றேன். அப்புறம் என்னை மட்டும் ஏன் அழிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு விறகு அடுக்கப் போய்விட்டார். கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்கு பேர், இந்தப் பக்கம் ஒரு பொட்டு, இதில் எது பெரிது என்று ஒரு மனிதனுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே அழைத்தார். நாளைக் காலை ஆறு மணிக்கு, அடுப்பு மூட்டும் முன்னால் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

போனேன். பாய்லர் ஆறிக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு குடம் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, ஒரு தட்டில் புதிதாக அரைத்த சந்தனம். பொட்டை அழிப்பதுதான் பாவம், அபிஷேகம் செய்தால் அது தானாகப் போய்விடும், அதில் பாவமில்லை என்று ராத்திரியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார். அபிஷேகத்துக்கும் அலங்காரத்துக்கும் நடுவில் சாமி கொஞ்ச நேரம் வெறும் மேனியாகத்தான் இருக்கும் இல்லையா? எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. இரண்டு குடத்தையும் தகட்டின்மேல் பொறுமையாக ஊற்றினார். சந்தனம் கரைந்து தரையில் ஓடியது. கேமராவைத் தூக்கினேன். உடனே கையைக் குறுக்கே நீட்டினார்.

"திரை போடோணுமுங். அபிஷேகம் ஆனதும் திரை போட்டுத்தான அலங்காரம்? அந்நேரம் யாரும் பாக்கப்படாது."

கடவுளே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். படம் எடுக்க வந்தவளிடமே பார்க்கக் கூடாது என்றால்? அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு பழைய வேட்டியைக் கொடியில் போட்டுத் திரையாக இழுத்துவிட்டு, அவர் வெளியே நின்றுகொண்டார். நான் உள்ளே. நீங்கள் உள்ளே என்ன செய்தீர்களோ எனக்குத் தெரியாது என்று வெளியிலிருந்து சொன்னார். எடுத்தேன். ஆறு. பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பானது. அந்த நிமிஷமே சென்னியப்பனின் போனுக்கு சீல் உத்தரவு போய்விட்டது. மாரப்பன் உள்ளே வந்து பெரிதாகப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். பாவு ஓட்டுகிற பெண்கள் வந்து, இன்றைக்கு வேலை இல்லையாமே என்று எங்களைத்தான் முறைத்தார்கள். முறைக்கட்டும், முறைக்க உயிரோடு இருக்கிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைகூட இருக்கவில்லை. ஃபர்சானா அழைத்தாள்.

"ஆறுன்னா வந்துச்சுக்கா? கரெக்டா ஆறா?"

ஆமாம் என்றேன்.

"எங்க மாமாவோட லேத் பட்டறைய ரெண்டு தடவை சீல் வச்சாங்கக்கா. ரெண்டாவது தடவை புத்தம் புது லேத். அதுக்கும் ஆறுதான் வந்துச்சு. எங்காளுக மெசினைச் சரியாப் பாத்துக்க மாட்டாங்கன்னு ஆபீஸ்ல என் காதுபடவே பேசினாங்க. நானும் வாயை மூடிட்டு இருந்தேன்."

மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. மாமாவின் பட்டறையில் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை. அப்படியென்றால் முந்நூற்றுப் பதினொன்று மட்டும் பொய்யில்லை, ஆறும் பொய். அந்தப் பெட்டி மாரப்பனின் பாய்லரைப் பார்க்கவே இல்லை. ஒரு நாளும் எந்த மெசினையும் அது பார்த்ததில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் நானே சீல் வைத்துவிட்டு வந்த, ஆபரேஷன் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்கிற ஸ்டெரிலைசர் நினைவுக்கு வந்தது. வைக்காதே வைக்காதே என்று அந்த சிஸ்டரம்மா கும்பிட்டார்கள்.

உடனே எழுதுங்கள், இரண்டு பக்கமும் பொய் என்று காட்டினால் ஒரே நாளில் செயலியை நிறுத்திவிடுவார்கள், தனி மெசின் புகாருக்குத்தான் நான்கு மாதம் என்றாள் ஃபர்சானா. எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் விதியைப் படித்தேன். செயலியை நிறுத்தினால் அது போட்ட சீல் அத்தனையும் செல்லாது, சான்றிதழ் வாங்கினவர்களுக்கு ஆளை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று ஓர் எச்சரிக்கை மட்டும் போகும். செவ்வாய்க்கிழமையே சென்னியப்பன் பாய்லரைத் திறந்துவிடலாம், புதன்கிழமை புது ஆள் முழு அழுத்தம் ஏற்றிவிடுவான். சீல் அப்படியே இருந்தால் கதை வேறு. சென்னியப்பன் காலையிலேயே மேல்முறையீடு போட்டிருந்தார். மேல்முறையீடு என்றால் பெட்டி இல்லை, ஒரு மனிதன் வந்து பாய்லரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரை வெள்ளிக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். இன்னும் நான்கு நாள்.

இன்றே எழுதினால் போவது பதினான்கு பேரும் மாரப்பனும். எழுதாவிட்டால் நான் நல்லாயிருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்த அத்தனை மெசினும் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் நான்கு நாள் ஓடும். ஒழுங்காக ஒரு வேலையைச் செய்தால் எப்படி ஒரு பாவம் வந்து சேர்கிறது பாருங்கள். ஃபர்சானாவிடம் வெள்ளிக்கிழமை எழுதுகிறேன் என்றேன். நான்கு நாள்தானே, இத்தனை மாதம் ஓடின மெசின்கள் நான்கு நாளிலா விழுந்துவிடும் என்றும் சொன்னேன். அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மாமா பட்டறை இன்னும் நான்கு நாள் பூட்டியிருக்கும், அவ்வளவுதானே என்றாள்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பாய்லரின் பின் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டு ஒரு ட்யூபைத் தட்டினார், சுத்தியல் உள்ளே போய்விட்டது. அப்பளத் தடிமனுக்குத்தான் இரும்பு மிச்சம். முழு அழுத்தம் ஏற்றியிருந்தால் அரை மணிகூடத் தாங்கியிருக்காது என்றார். சென்னியப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் மாரப்பனைச் சுற்றி நின்று அழுதார்கள். அவர் சந்தனத் தட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. ஏனென்று அவருக்குத் தெரியாது. புதன்கிழமை பத்து மணிக்கே என் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது.

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். சமையல்கட்டிலிருந்து மேலே பந்திக்குச் சாம்பார் அண்டா ஏற்றுகிற சாமான் லிஃப்ட். போன மாதம் நான்தான் படம் எடுத்தேன், பெரிய பொட்டு, இருநூற்றெழுபது நாள். புதன்கிழமை முகூர்த்தப் பந்தியில் கம்பி அறுந்தது. அண்டாவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்ற பாவாயி என்கிற சமையல்காரம்மா இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செய்தி வந்த பிறகாவது எழுதினேனா? இல்லை. இன்னும் இரண்டு நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை பாய்லரைப் பிரித்த கையோடு எழுதி அனுப்பினேன். மறுநாளே செயலியை நிறுத்தினார்கள், மாமாவின் பட்டறையைத் திறந்தார்கள். ஏன் நான்கு நாள் தாமதம் என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்தது.

கடிதத்துக்குப் பதில் எழுதும் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாவாயக்கா கட்டிலில் சாய்ந்து பக்கத்துக் கட்டில்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, படம் எடுத்தவள்தானே என்றார். உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பாய்லர், பொட்டு, திரை, ஃபர்சானா, நான்கு நாள், எல்லாம். திங்கள்கிழமையே எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

அவர் காலிருந்த இடத்தில் மடங்கிக் கிடந்த போர்வையை நீவிவிட்டார்.

"அந்தப் பதினாலு பேரும் நல்லாருக்காங்களா?"

"இருக்காங்கக்கா."

"நல்லாருக்கட்டும். அதுல ஒருத்தியாச்சும் வந்து எம்பட வூட்டுல சோறாக்கிப் போடுவாளான்னு கேட்டுச் சொல்லு. மூணு வவுறு இருக்குது அங்க."

நான் யாரையும் போய்க் கேட்கவில்லை. அந்த விளக்கக் கடிதத்தோடு வேலை போய்விட்டது, நேரம் இருக்கிறது. தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போய் நான்தான் உலை வைக்கிறேன். நூறு பேர் பந்திக்குச் சமைத்த கை அது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பருப்பு வேகவில்லை, புளி போதவில்லை, இதெல்லாம் ஒரு ரசமா என்று நாள் தவறாமல் திட்டுகிறார். இன்றைக்கு உப்பு அதிகமாகிவிட்டது, அதற்கு ஒரு மணி நேரம் திட்டு.